நூற்று நாற்பத்தெட்டாவது தப்பு

செப்டம்பர் 9, செவ்வாய்.

இன்று ஒரு தப்பு. மதியம் ஹலீமா பீ அக்கா பேரனுக்குப் பெயர் வைத்த பிரியாணி கொண்டுவந்தார். சாப்பிட்டுவிட்டுக் கையை ஒரு தரம்தான் கழுவினேன். விரலில் நெய்ப் பிசுக்கு இருந்தது. கறை பட்டுவிடுமோ என்று பயந்து, பதினொன்றாம் லாட் நான்காவது தோலின் வயிற்றுப் பக்கத்தை மடித்துப் பார்க்காமல் கண்ணாலேயே பார்த்து 'நல்லது' என்று குறித்தேன். தளர்வு இருந்திருக்கிறது. ஜான் பாஷா பாய் வெட்டும்போது கண்டுபிடித்து, ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தை ஷூவின் நாக்குக்கு ஒதுக்கிவிட்டார். இந்த வருஷத்தில் இதோடு 147.

நாளை: ஆபரேட்டர் படிவம் கேட்க வேண்டும். கேட்கும்போது குரல் நடுங்கக் கூடாது. சோப்பு இரண்டு தரம்.

பூர்ணிமாவின் நோட்டில் எல்லா நாளும் இப்படித்தான். மேலே தேதி, அதன் கீழே அன்றைய தப்பு, கடைசியில் நாளைய வேலை. தப்பு இல்லாத நாளில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, உண்மையிலேயே இல்லையா என்று அரை மணி நேரம் யோசிப்பாள். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் தோல் பிரிக்கும் மேசையில் அவளுக்கு இது ஆறாவது வருஷம். வயது இருபத்தைந்து. சம்பளக் கார்டில் பெயருக்குப் பக்கத்தில் முதல் நாள் அச்சடித்த 'ஹெல்ப்பர்' இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அவள் செய்யும் வேலை ஹெல்ப்பர் வேலை இல்லை. லாட்டாக வந்து இறங்கும் மாட்டுத்தோலை ஒவ்வொன்றாகச் சாய்வு மேசையில் விரித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, எங்கே முள் கீறியிருக்கிறது, எங்கே உண்ணி கடித்திருக்கிறது, எங்கே சூடு போட்ட தழும்பு என்று பார்த்து சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குற்றங்கள். தெரியாத குற்றம் ஒன்று உண்டு, தளர்வு. விரித்துப் போட்டால் அந்த இடமும் மற்ற இடத்தைப் போலவே வழுவழுவென்றிருக்கும். மேல்புறம் உள்ளே போகும்படி மடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் ஆறின பாலில் ஆடை சுருங்குவதுபோல் சுருங்கிக் காட்டும். அந்த இடத்தில் ஷூவின் முன்பகுதியை வெட்டினால், போட்டுக்கொண்டு பத்தடி நடப்பதற்குள் கிழவன் நெற்றிபோல் வரி விழுந்துவிடும். அவள் வட்டம் போட்ட பிறகுதான் கட்டர்கள் அச்சை வைத்து வெட்டுவார்கள்.

ஆகஸ்டு கடைசியில் பெரிய மரப்பெட்டிகளில், கம்ப்யூட்டர் சொல்படி தோல் வெட்டும் மெஷின் வந்தது. வெட்டுப் பகுதியின் நடுவில் அதற்கென்று கண்ணாடி அறை கட்டி, ஏசி வைத்தார்கள். டீ நேரத்தில் எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா ரூமு பாரு! எம் பொண்ணு கல்யாணத்துக்கே நான் ஏசி ஹால் புடிக்கல, இதுக்குப் போட்டுக்கீறாங்க" என்றார் ஜான் பாஷா. இருபத்திரண்டு வருஷமாகக் கத்தி பிடித்த கை, டீ டம்ளரையும் கத்தியைப் போலவே பிடித்திருந்தது.

"உங்களுக்கு பயமா இல்லியா பாய்?" என்று பூர்ணிமா கேட்டாள்.

"பயமா? எனக்கு இன்னும் மூணு வருசம். அதுக்குள்ள அதுக்கு ஒரு பேஜார் வரும், இவங்க மறுபடி என்னயத்தான் கூப்புடுவாங்க. ஒங் கதைதான் பூர்ணிமா, யோசி. அடுத்த வருசம் இந்த மேஜையும் இருக்காது. தோல நேரா அந்தக் கருப்புப் படுக்கையில போட்டுடுவாங்க. எவன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கறானோ அவன்தான் வட்டம் போடுவான். ராணிப்பேட்டைல ரெண்டு கம்பெனிக்கு வந்துடுச்சாம்."

அவள் ஏற்கனவே யோசித்துத்தான் இருந்தாள். ஏழு மாதமாக, வேலை விட்டதும் ஸ்டேஷன் பக்கம் பிரியாணிக் கடை மாடியில் ஷஹீன் பானு நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்கு முடியும். கீழே பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் வாசனையில் மாடியில் எல்லோருடைய எழுத்தும் பிழையாகும். அங்கே ஷூவின் துண்டுகளைத் திரையில் அடுக்கப் பழகியிருந்தாள். அப்போதுதான் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள்: மெஷின் ஆபரேட்டர் ட்ரெயினி, ஒரு இடம், டிப்ளமா அல்லது ஐந்து வருட அனுபவம்.

புதன்கிழமை சூப்பர்வைசர் ஜியாவுல்லாவிடம் போய் நின்றாள்.

"உனக்கு இன்னாத்துக்குமா படிவம்? அது டிப்ளமா படிச்சவங்களுக்கு."

"'அல்லது'ன்னு போட்டிருக்குது சார். ரெண்டு தடவ படிச்சேன்."

ஜியாவுல்லா நல்ல மனுஷன்தான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் பொம்பளைப் பிள்ளைகள் எல்லோரும் தன் தயவில்தான் பிழைக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். சிரித்துக்கொண்டே படிவத்தை நீட்டினார். "எழுது, எழுது. ஆசையக் கெடுப்பானேன்."

அன்று வகுப்பில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். ஒன்பதாவது கட்டம்: 'கடந்த ஓராண்டில் செய்த தரத் தவறுகள்.' பூர்ணிமா நோட்டை எடுத்து, ஒருமுறை கூட்டி, மறுபடி கீழிருந்து மேலே கூட்டி, 147 என்று எழுதினாள்.

எட்டிப் பார்த்த ஷஹீன் பானு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "உனக்குப் பைத்தியமா? அதுல எல்லாரும் 'இல்லை'ன்னுதான் எழுதுவாங்க!"

"இருக்குதே மிஸ்."

"இருக்கும்டி. எனக்கும்தான் இருக்குது. அத யாராச்சும் எண்ணுவாங்களா?"

"நான் எண்ணி வெச்சுட்டனே. இனிமே இல்லன்னு எப்படி எழுதறது?"

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். பதினோரு பேர் படிவம் கொடுத்ததில் பத்துப் பேரை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். பூர்ணிமாவின் பெயர் இல்லை. ஜியாவுல்லா வரிசையில் நடந்துவரும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நூத்தி நாப்பத்தேழு! நானா எழுதச் சொன்னேன்? தன் கையாலயே எழுதிக் குடுத்துட்டுது." தையல் பகுதிவரை சிரிப்பு ஓடியது. ஹலீமா பீ மட்டும் சிரிக்காமல், பூர்ணிமாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தோலை விரித்தாள்.

அன்றைய பக்கத்தில் பூர்ணிமா இப்படி எழுதினாள்: '148? படிவத்தில் உண்மையான எண்ணை எழுதியது.' கேள்விக்குறியை அழிப்பதா வைப்பதா என்று தெரியாமல் நோட்டை மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொடித் தூறல். மின்னூரில் அவர்கள் வீட்டு வாசலில் ஜியாவுல்லாவின் வண்டி வந்து நின்றது. அம்மா தாயாரம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகத்துக்கு இரட்டை ஊசியில் கைத்தையல் போடுகிறவள். மடியில் எப்போதும் அரை ஷூ ஒன்று இருக்கும். அப்பா பக்தவச்சலம் லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருந்தார். தம்பி ராகுல் களியும் கருவாட்டுக் குழம்பும் முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். டிப்ளமா முடித்துவிட்டு வாணியம்பாடியில் பைக் ஷோரூமில் வண்டி கழுவும் இடத்துக்கு மேற்பார்வை பார்ப்பவன்.

"உக்காருடா, உன்னப் பாக்கத்தான் வந்தேன்" என்றார் ஜியாவுல்லா. "தாயாரம்மா, வந்த பத்துப் பேரும் வேஸ்ட்டு. கம்ப்யூட்டர் தெரிஞ்சவனுக்குத் தோலு தெரியல, தோலு தெரிஞ்சவனுக்கு கம்ப்யூட்டர் தெரியல. எனக்கு ஒரு ரோசனை. ராகுலு ஆபரேட்டரு. பூர்ணிமா அவன் பக்கத்துல ஹெல்ப்பரு. இவ காட்டுவா, அவன் அமுக்குவான். ஒரே வூட்டு ஆளுங்க, சண்ட சச்சரவு இருக்காது. மேனேஜர் மக்பூல் அகமது சார்கிட்ட பேசிட்டேன்."

"எனக்கு கம்ப்யூட்டரும் தெரியும் சார்" என்றாள் பூர்ணிமா.

"தெரியும்மா. யார் இல்லன்னாங்க? ஆனா நூத்தி நாப்பத்தேழு எழுதினவள ஆபரேட்டரா போட்டா எனக்குக் கேள்வி வராதா?"

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனதும் தாயாரம்மாள் மறுபடி ஊசியை எடுத்தாள்.

"பூர்ணி" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். "தம்பிக்குப் பாத்த வேலூர் பொண்ணு வூட்டுல இன்னா சொன்னாங்க? மாப்ளக்கி கம்பெனில நெலயான வேல இருந்தா தை மாசமே வெச்சுக்கலாம்னாங்க. உங் கையில தாண்டி இருக்குது."

"எங் கண்ணுல இருக்குதும்மா. அதான் கேக்கறாங்க."

"தம்பிக்குத்தானே காட்டப் போற? ஊரானுக்கா?"

"ஊரானுக்குன்னா இவ்ளோ யோசிக்க மாட்டேன். வெரட்டி வுட்டிருப்பேன்."

ராகுல் களியை உருட்டிக்கொண்டே சொன்னான்: "நான் இன்னா பண்றதுக்கா? அந்த ஷோரூம்ல எனக்கு பேஜாரா இருக்குது. டை கட்டினு வண்டி கழுவறதப் பாக்கறேன். நீ எப்படியும் அங்கதான இருக்கப் போற? பேரு எங் கார்டுல இருந்தா இன்னா, உங் கார்டுல இருந்தா இன்னா?"

"ஒண்ணும் இல்லன்னா எங் கார்டுலயே இருக்கட்டுமே."

அவன் குழம்பைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டான்.

"கேளு ராகுலு. ஆறு வருசம் கழிச்சு இந்த மெசினு எல்லா கம்பெனியிலயும் வந்துடும். அன்னிக்கி நான் போய் வேல கேட்டா, இன்னா தெரியும்னு கேக்க மாட்டாங்க. கார்டு காட்டுன்னுவாங்க. கார்டுல ஹெல்ப்பர். பன்னெண்டு வருச ஹெல்ப்பர்."

"பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ கணக்கு ஆவாது" என்றாள் அம்மா.

"நீ ஒரு ஜோடிக்கு எத்தினி தையல் போடறம்மா?"

"நூத்திப் பத்து. எதுக்குக் கேக்கற?"

"ஒண்ணு கம்மியா போட்டா வுட்டுருவியா?"

தாயாரம்மாள் நூலைப் பல்லால் கடித்தாள்.

புதன்கிழமை ராகுல் கையெழுத்துப் போட்டுவிட்டான். பூர்ணிமாவுக்கும் ஒரு தாள் வந்தது. 'ஹெல்ப்பர், மெஷின் பிரிவு. பணி: தோலை மெஷின் படுக்கையில் இடுதல், வெட்டிய துண்டுகளை எடுத்தல்.' கையெழுத்துப் போடும் இடத்தில் ஜியாவுல்லா பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார். அவள் தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

"போட்டுட்டியா?" என்று ராகுல் கேட்டான்.

"படிச்சினு இருக்கேன்."

"நோட்டக் குடுக்கா, ஒரு தடவ பாத்துக்கறேன். நாளைக்கி ட்ரையல்."

"நோட்டுல இருக்கறது என்னோட தப்பு. அத வெச்சி நீ ஆபரேட்டர் ஆவ முடியாது."

அன்று தூங்கப் போகுமுன் அவள் நோட்டை விரித்தாள். தம்பியின் சோற்றில் மண்ணைப் போடுகிறோமோ? வேலூர்ப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது, அது அவளுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தாள். இடது பக்கம் 'ராகுல்', வலது பக்கம் 'நான்.' இடது பக்கம்தான் நீளமாக வந்தது. இருந்தும் வலது பக்கத்தை அடிக்கக் கை வரவில்லை.

வியாழக்கிழமை காலை கண்ணாடி அறைக்குள் ஐந்து பேர் நின்றார்கள். மேனேஜர் மக்பூல் அகமது, ஜியாவுல்லா, மெஷினை மாட்டித் தந்த சென்னைக்காரர், ராகுல், பூர்ணிமா. வெளியே ஜான் பாஷா தலைமையில் கட்டர்கள் கண்ணாடியை மொய்த்தார்கள். ராகுல் புதுச் சட்டை போட்டு ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்துப் பட்டை வியர்வையில் நனைந்திருந்தது, ஏசி அறையில்.

"தாள்ல கையெழுத்து இன்னும் வரலியே" என்று ஜியாவுல்லா அவள் காதருகில் சொன்னார்.

"ட்ரையல் முடியட்டும் சார்."

பதினான்காம் லாட், முதல் தோல். அவள் அதைத் தூக்கினாள். தூக்குவதற்கும் போடுவதற்கும் நடுவில் அவள் சொல்லாமலே கட்டைவிரல் போய் ஓரங்களை மடித்து மடித்துப் பார்த்தது. ஆறு வருஷப் பழக்கம். பின்னங்கால் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு ஆடை சுருங்கியது. நல்ல தளர்வு. அவள் தோலைக் கருப்புப் படுக்கையில் விரித்தாள். கீழிருந்து காற்று 'உஸ்' என்று இழுத்துக்கொண்டது. தோல் கண்ணாடிபோல் படிந்தது. இனி யார் கண்ணுக்கும் அது தெரியாது.

திரையில் தோலின் படம் வந்தது. ராகுல் கீறல்களுக்கு வட்டம் போட்டான். மூன்று உண்ணிக் கடியைக் கண்டுபிடித்தான். சுமாராகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்னங்காலுக்கு வந்ததும் நிறுத்தி, அக்காவைப் பார்த்தான்.

"க்கா... இந்தப் பக்கம் ஓகேதானே?"

பூர்ணிமா கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். சொல்லிவிடு என்று ஒரு மனம். ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லை இன்றைக்குச் சொன்னால், ஓய்வு பெறும்வரை தினமும் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

"ஆபரேட்டர் நீதானே ராகுலு" என்றாள்.

அவன் முகம் கறுத்தது. வட்டம் போடாமல் பொத்தானை அமுக்கினான். கத்தி ஓடத் தொடங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜான் பாஷாகூட வாயைத் திறந்தபடி பார்த்தார். நாலு நிமிஷத்தில் முழுத் தோலும் துண்டுகளாகிவிட்டது.

மக்பூல் அகமது முன்பகுதித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் மடித்தார். அவரும் ஒரு காலத்தில் மேசையில் நின்றவர். ஒன்று நல்லது. இரண்டும் நல்லது. மூன்றாவது சுருங்கியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"மடிச்சுப் பாத்தியா?" என்று ராகுலைக் கேட்டார்.

"மடிக்கணுமா சார்?"

கண்ணாடிக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் பூர்ணிமாவின் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

"பாத்தேன் சார். பின்னங்கால் பக்கம், ஒரு சாண்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவள் நோட்டிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எனக்குக் குடுத்த தாள்ல தோலப் போடணும், துண்ட எடுக்கணும்னு எழுதியிருக்குது சார். பாத்து சொல்லணும்னு இல்ல. மூணு தடவ படிச்சேன்."

"பாத்தீங்களா சார் திமிர!" என்றார் ஜியாவுல்லா. "கம்பெனித் தோலு வீணாப் போச்சு. இதுல நூத்தி நாப்பத்தேழு தப்பு பண்ணவ வேற!"

"ஆமா சார், நூத்தி நாப்பத்தேழு. தேதி, லாட்டு, எத்தினாவது தோலு, எந்தப் பக்கம், எல்லாம் இதுல இருக்குது. படிவம் குடுத்த மத்த பத்துப் பேரும் 'இல்லை'ன்னு எழுதிக்கீறாங்க. அப்போ மாசா மாசம் திரும்பி வர்ற ஷூவ எல்லாம் யார் சார் பண்ணது? அதுவா கெட்டுப்போய் வருதா?"

வெளியே ஜான் பாஷா கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சென்னைக்காரர் பதறி மெஷினைப் பார்த்தார்.

மக்பூல் அகமது கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, "பிரியாணி கை?" என்றார்.

"ஆமா சார்."

"ஜனவரில எத்தன?"

"முப்பத்தொண்ணு சார். ஆகஸ்ட்டுல நாலு."

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீணான மூன்று துண்டுகளையும் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஜும்மா தொழுக முடிஞ்சு மூணு மணிக்கு என் ரூமுக்கு வா. வேற தாள் பாக்கலாம்."

"அதுல இன்னா போட்டிருக்கும் சார்?"

"வந்து படி. நீதான் மூணு தடவ படிப்பியே."

கம்பெனி பஸ்ஸில் ராகுல் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. சேதி அவர்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவன சந்தி சிரிக்க வெச்சிட்டியேடி!"

"ஊர் முன்னாடி எம் மானத்த வாங்கிட்ட" என்றான் ராகுல்.

"ஆமா, வாங்கிட்டேன்." பூர்ணிமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "வேற வழி எனக்குத் தெரியல. ஆனா சொல்லித்தர மாட்டேன்னு நான் சொல்லல ராகுலு. எனக்கு ஹெல்ப்பரா வா, எல்லாத்தயும் சொல்லித் தரேன். தளர்வுலருந்து ஆரம்பிக்கலாம். ரெண்டே வருசத்துல நீயும் ஆபரேட்டர் ஆவலாம். ஆனா எம் முதுகு மேல ஏறி உக்காந்து இல்ல."

"அக்காவுக்கு ஹெல்ப்பரா? ஊரு இன்னா சொல்லும்?"

"நேத்து வரைக்கும் தம்பிக்கு ஹெல்ப்பரா நிக்கச் சொன்னீங்களே, அப்போ ஊரு ஒண்ணும் சொல்லலியா?"

ராகுல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து, அம்மாவின் மடியிலிருந்த மேல்பாகத்தை எடுத்து, மடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். ஒன்றும் சுருங்கவில்லை. அக்காவைக் கேட்கவில்லை. திருப்பி மடியில் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். தாயாரம்மாள் விட்ட இடத்திலிருந்து தையலை எண்ணத் தொடங்கினாள்.

செப்டம்பர் 18, வியாழன்.

இன்று தெரிந்தே ஒரு தப்பு. பதினான்காம் லாட், முதல் தோல், பின்னங்கால் பக்கம் ஒரு சாண் தளர்வு. கை கண்டுபிடித்தது, வாய் சொல்லவில்லை. முன்பகுதி மூன்று துண்டு வீண். ராகுலின் முகத்தை எப்படிக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. எண் 148.

போன வெள்ளிக்கிழமை '148?' என்று எழுதியதை அடித்துவிட்டேன். அது தப்பு இல்லை.

நாளை: வெள்ளி. ஏழரை பஸ். பதினான்காம் லாட்டில் மீதி முப்பத்தைந்து தோல், எல்லாப் பக்கமும் மடித்துப் பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு மேனேஜர் அறை. தாளில் 'ஆபரேட்டர்' என்று இருந்தால் கையெழுத்து. 'ஹெல்ப்பர்' என்று இருந்தால் இல்லை. சில்வர் பேனா தீர்ந்துவிட்டது, ஸ்டோரில் இரண்டு வாங்க வேண்டும்.